இந்தோசீன அகதிகள்: நிலையான தீர்வுக்கு எந்த வழி?

1979ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து ஆசியான் நாடுகளும், தாங்கள் தாங்கக்கூடிய எல்லை முடிந்துவிட்டது என்றும், புதிதாக வரும் அகதிகளை இனி ஏற்கப்போவதில்லை என்றும் கூட்டாக அறிவித்தன. 1975இல் இந்தோசீனா எனப்படும் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் ஆகிய மூன்று நாடுகளும் கம்யூனிஸ்டுகளின் ஆட்சிக்குள் வந்ததிலிருந்து அதுவரை ஐந்தரை லட்சம் பேருக்கு மேல் தென்கிழக்கு ஆசியாவில் புகலிடம் கேட்டிருந்தனர். அவர்களில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வேறு நாடுகளில் குடியமர்த்தப்பட்டிருந்தனர். எஞ்சிய மூன்றரை லட்சம் பேர் முகாம்களில் இருந்தனர். அந்த ஆண்டின் முதல் ஆறு மாதங்களில், முகாமிலிருந்து ஒருவர் வெளியேறினால் மூவர் உள்ளே வந்துகொண்டிருந்தனர். மலேசியாவின் கிழக்குக் கரைக்கு அப்பால், ஒரு சதுர கிலோமீட்டர் அளவே உள்ள புலாவ் பிடோங் தீவில் மட்டும் ஏறத்தாழ 40,000 பேர் நெருக்கியடித்துக் கிடந்தனர்.

அரசுகள் அன்று எடுக்க வேண்டியிருந்த முடிவைப் பொதுவாக மூன்று வழிகளாகப் பிரித்துச் சொல்வது வழக்கம்: மூன்றாம் நாட்டில் மீள்குடியேற்றம், புகலிடம் கொடுத்த நாட்டிலேயே குடியமர்த்தல், தாயகம் திரும்புதல். நடைமுறையில் இவற்றோடு இன்னும் இரண்டு இருந்தன. ஒன்று, எல்லையிலும் கடலிலும் விரட்டியடிப்பது. இதைத் தீர்வு என்று எவரும் வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் செய்தார்கள். மற்றொன்று, தப்பியோடத் தேவையில்லாதபடி சொந்த நாட்டிலிருந்தே சட்டப்படி வெளியேற வழிசெய்வது. இந்த ஐந்தையும் மூன்று கேள்விகளை வைத்து எடைபோடலாம். அகதியின் உயிருக்கு அது எவ்வளவு பாதுகாப்பு தருகிறது? எத்தனை ஆண்டுக் காத்திருப்பை அவர்மீது சுமத்துகிறது? அடுத்த ஆண்டு இன்னும் எத்தனை பேரைப் படகில் ஏறத் தூண்டுகிறது? மூன்றாவது கேள்வியைக் கேட்பதே இரக்கமின்மை என்று கருதுவோர் உண்டு. ஆனால் தென்சீனக் கடலிலும் தாய்லாந்து வளைகுடாவிலும் மூழ்கியவர்களையும் கொள்ளையரிடம் சிக்கியவர்களையும் நினைத்துப் பார்த்தால், அந்தக் கேள்வியைத் தவிர்ப்பதுதான் இரக்கமின்மையாகத் தோன்றுகிறது.

விரட்டியடிப்பதைப் பற்றி நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. 1979 ஜூனில் தாய்லாந்து இராணுவம், பேருந்துகளில் ஏற்றிக்கொண்டுபோன 40,000க்கும் மேற்பட்ட கம்போடியர்களை, எல்லையிலுள்ள பிரேயா விஹேயர் அருகே கண்ணிவெடிகள் புதைந்த மலைச்சரிவின் வழியாகக் கீழே தள்ளியது, நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அதனால் வருகை நிற்கவில்லை. சில மாதங்களில், உலகத்தின் கவனமும் நிதி உதவியும் வந்தபின், அதே தாய்லாந்து சாகேயோவிலும் காவோ இ டாங்கிலும் முகாம்களைத் திறந்தது. ஒரு நாட்டின் கதவு மூடினால் சுமை பக்கத்து நாட்டுக்குப் போகிறது, அல்லது கடலுக்குப் போகிறது. அந்த ஒரு பயனுக்கு மேல் இந்த வழியால் எந்த அரசும் எதையும் ஈட்டவில்லை.

மீள்குடியேற்றம் அதற்கு நேர் எதிரானது. 1979 ஜூலை 20, 21 ஆகிய நாட்களில் ஐ.நா. பொதுச்செயலர் குர்ட் வால்ட்ஹைம் ஜெனீவாவில் கூட்டிய மாநாட்டில், 65 அரசுகள் அழைக்கப்பட்டிருந்தன. அங்கே எட்டப்பட்ட ஏற்பாட்டின் சாரம் எளியது: ஆசியான் நாடுகள் தற்காலிகப் புகலிடத்தைத் தொடர்ந்து கொடுக்கும், மேற்கு நாடுகள் முகாம்களைக் காலிசெய்யும் வேகத்தைக் கூட்டும், வியட்நாம் சட்டவிரோத வெளியேற்றத்தைத் தடுக்கும். மீள்குடியேற்ற வாக்குறுதிகள் 1,25,000 இடங்களிலிருந்து 2,60,000 ஆக உயர்ந்தன. அமெரிக்கா தன் மாத ஒதுக்கீட்டை 7,000இலிருந்து 14,000 ஆக இரட்டிப்பாக்கியது. 1995 வரையிலான கணக்கைப் பார்த்தால், தென்கிழக்கு ஆசிய முகாம்களிலிருந்து 13 லட்சம் பேர் மீள்குடியேறினர். அவர்களில் 8,20,000க்கும் மேற்பட்டோரை அமெரிக்காவும், தலா 1,37,000 பேரை ஆஸ்திரேலியாவும் கனடாவும், 95,000 பேரை பிரான்சும் ஏற்றன. ஜப்பான் 2005 வரை ஏற்றது மொத்தம் 11,319 பேரை. தன் செல்வத்தோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய எண்ணிக்கை என்றாலும், 1981இல் அகதிகள் உடன்படிக்கையில் ஜப்பான் சேர்ந்ததற்கு இந்தோசீன நெருக்கடியும் ஒரு காரணம்.

மீள்குடியேற்றத்தை ஒரே கொள்கையாகப் பேசுவது சரியல்ல. நாட்டுக்கு நாடு முறை வேறுபட்டது, விளைவும் வேறுபட்டது. கனடா 1979, 80 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 60,000 பேரை ஏற்றது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரைத் தேவாலயங்களும், ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்த குடிமக்கள் குழுக்களும், ஓராண்டுக்குத் தாங்கள் பொறுப்பு என்று எழுதிக்கொடுத்து அழைத்துக்கொண்டன. வீடு பார்ப்பது, பள்ளியில் சேர்ப்பது, பனிக்காலத்து மேலங்கி வாங்கித்தருவது வரை அந்தக் குழுவின் வேலை. அரசின் ஒதுக்கீடு உயர்ந்தபோதும் மக்களின் எதிர்ப்பு அரசியல் சிக்கலாக முற்றவில்லை என்றால், அதற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம் என்பது என் கணிப்பு. பல்லாயிரம் குடும்பங்கள் நேரடியாகக் கைகொடுத்த ஒரு திட்டத்தைத் தேர்தல் மேடையில் தாக்குவது கடினம். 1986இல், அகதிகளுக்கு உதவியோருக்கு ஐ.நா. அகதிகள் அமைப்பு வழங்கும் நான்சென் பதக்கம் கனடா மக்களுக்கே வழங்கப்பட்டதும் பொருத்தமே. பிரிட்டனோ, வந்தவர்களைச் சிறுசிறு கூட்டமாக நாடெங்கும் சிதறவைத்தது. ஓர் ஊருக்குச் சில குடும்பங்கள் என்று பங்கிட்டால் உள்ளூர் நிர்வாகங்களுக்குச் சுமை தெரியாது என்பது கணக்கு. உறவும் மொழியும் கோயிலும் கடையும் இல்லாத இடங்களில் வேலையின்றித் தவித்த குடும்பங்கள், சில ஆண்டுகளில் தாங்களாகவே லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் மான்செஸ்டருக்கும் இடம்பெயர்ந்தன. அமெரிக்காவிலும் இதுவே நடந்தது; பல மாநிலங்களில் இறக்கப்பட்ட லாவோஸின் மலைவாழ் இனத்தவரான மோங் மக்கள் முதலில் கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவிலும் பின்னர் மின்னசோட்டாவிலும் தாங்களே திரண்டனர். எங்கே குடியமர்த்துவது என்பதை அகதிகளின் உறவுச் சங்கிலியிடம் விட்டிருந்தால் இரட்டைச் செலவு மிச்சமாகியிருக்கும்.

மீள்குடியேற்றத்தின் பலம், அதன் முடிவு முழுமையானது என்பதில் இருக்கிறது. விமானமேறிய குடும்பம் சில ஆண்டுகளில் குடியுரிமை பெறுகிறது. அந்தக் கோப்பு மூடப்படுகிறது. அதன் பலவீனமும் அங்கிருந்தே பிறக்கிறது. கரையைத் தொட்டால் போதும், கேள்வியின்றி அமெரிக்காவோ கனடாவோ கிடைக்கும் என்ற நிலை, 1980களின் பிற்பாதியில் வடக்கு வியட்நாமின் விவசாயிகளையும் மீனவர்களையும்கூட ஹாங்காங்கை நோக்கிப் படகேற்றியது. அவர்களில் பலர் வறுமையிலிருந்து தப்பி வந்தவர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் அகதி என்ற வரையறைக்குள் அவர்களைச் சேர்ப்பது கடினமாக இருந்தது. ஏற்கும் நாடுகளின் ஆர்வமும் அதே வேகத்தில் தேய்ந்தது. முகாம்களில் எவரும் எடுத்துக்கொள்ளாதவர்கள் தேங்கினர்: நோயாளிகள், உறவினர் இல்லாதவர்கள், முன்பே ஒரு நாட்டால் மறுக்கப்பட்டவர்கள்.

இந்த இடத்தில்தான் ஐந்தாவது வழியைப் பேச வேண்டும். ஜெனீவா மாநாட்டுக்குச் சில வாரங்கள் முன்பு, 1979 மே 30 அன்று, வியட்நாமும் ஐ.நா. அகதிகளுக்கான உயர் ஆணையர் அலுவலகமும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. குடும்பத்தோடு சேர விரும்புவோரும் வேறு மனிதாபிமானக் காரணம் உள்ளோரும் வியட்நாமிலிருந்தே விண்ணப்பித்து, நேர்காணல் முடித்து, விமானத்தில் சட்டப்படி வெளியேற அது வழிவகுத்தது. ஒழுங்குமுறைப் புறப்பாட்டுத் திட்டம் என்று பெயர். தொடக்கத்தில் அது ஆமை வேகத்தில் நகர்ந்தது. வெளியேறும் அனுமதிக்கு உள்ளூர் அதிகாரிகள் கையூட்டுக் கேட்டனர். வியட்நாம் தயாரித்த பட்டியலும் அமெரிக்கா தயாரித்த பட்டியலும் பொருந்தவில்லை. 1986இல் அமெரிக்கப் பிரிவின் நேர்காணல்களே நின்றுபோயின. ஆனாலும் 1984இல், படகில் வந்து சேர்ந்தவர்களைவிட இந்தத் திட்டத்தின்கீழ் வெளியேறியவர்கள் அதிகம். அமெரிக்கப் படைவீரர்களுக்கு வியட்நாமிய அன்னையரிடம் பிறந்த பிள்ளைகளும், மறுகல்வி என்ற பெயரில் புதிய அரசு நடத்திய சிறைமுகாம்களில் பல ஆண்டுகள் அடைபட்டிருந்த முன்னாள் தென்வியட்நாம் அலுவலர்களும் 1980களின் இறுதியில் இதன் வழியே குடும்பத்தோடு சென்றனர். மொத்தம் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இவ்வாறு வெளியேறினர். இவர்களில் ஒருவர்கூட கடலைக் கடக்க வேண்டியிருக்கவில்லை. புகலிட முகாமில் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கவும் வேண்டியிருக்கவில்லை. எந்த அண்டை நாட்டுக்கும் சுமையாகவில்லை. மூன்று கேள்விகளில் இரண்டுக்கு இவ்வளவு தெளிவாக விடை சொல்லும் வேறு வழி இந்த ஒப்பீட்டில் இல்லை. காத்திருப்பு மட்டும் இங்கேயும் நீண்டது, ஆனால் அது சொந்த வீட்டில் நடந்த காத்திருப்பு. துன்புறுத்தும் அரசோடு பேரம் பேசி அதன் கையால் அனுமதி வாங்குவது முறையா என்ற ஆட்சேபம் அன்று எழுந்தது. முறையில்லைதான். எனினும், அந்த அரசின் அனுமதி இல்லாமல் வெளியேறுவதற்கு இருந்த ஒரே வாகனம் ஓட்டைப் படகு.

உள்ளூரிலேயே குடியமர்த்தும் வழியை ஆசியான் நாடுகள் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டன. அவற்றுக்குக் காரணங்கள் இருந்தன. மலேசியாவில் மலாய்க்காரர்களுக்கும் சீன வம்சாவளியினருக்கும் இடையே 1969இல் வெடித்த கலவரம் மறக்கப்படவில்லை. படகில் வந்தவர்களில் கணிசமானோர் வியட்நாமின் ஹோவா எனப்படும் சீன வம்சாவளியினர். தாய்லாந்துக்குத் தன் கிழக்கு எல்லைமீது பாதுகாப்பு அச்சம். அப்போது இந்த ஐந்து நாடுகளில் எதுவும் 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் கையொப்பமிட்டிருக்கவில்லை. பிலிப்பைன்ஸ் மட்டும் 1981இல் சேர்ந்தது. எனவே, எவரும் இங்கே நிரந்தரமாகத் தங்க மாட்டார்கள் என்ற உறுதிமொழிதான் புகலிடத்துக்கு அவர்கள் வைத்த விலை.

ஆனால் இந்த வழியின் மிகப் பெரிய முன்மாதிரி அதே காலத்தில் வடக்கே நடந்துகொண்டிருந்தது. ஒப்பீடுகளில் அது பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. 1978இல் வியட்நாம் தனியார் வணிகத்தை முடக்கியபின், ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் தரைவழியாகவும் கடல்வழியாகவும் சீனாவுக்குள் நுழைந்தனர். சீனா அவர்களைக் குவாங்சி, குவாங்டோங், யுன்னான் முதலிய பகுதிகளின் அரசுப் பண்ணைகளில் குடியமர்த்தி, வேலையும் வீடும் பள்ளியும் கொடுத்தது. குவாங்சியின் பெய்ஹாய் கடற்கரையில் மீனவக் குடும்பங்களுக்கென்றே சியாவ்காங் என்ற குடியிருப்பு எழுந்தது. வேகத்திலும் செலவிலும் இதற்கு இணையான குடியமர்த்தல் அந்தக் காலத்தில் வேறெங்கும் இல்லை. குறைகளும் இருந்தன: சுரங்கத் தொழிலாளியும் வணிகரும் கரும்புத் தோட்டத்திலும் தேயிலைத் தோட்டத்திலும் வேலை செய்ய நேர்ந்தது, சிலர் அங்கிருந்து மறுபடி ஹாங்காங்குக்குப் படகேறினர், குடியுரிமை பல பத்தாண்டுகளாகியும் முறையாகத் தரப்படவில்லை. சீனா இதைச் செய்ய முடிந்ததற்கு இன ஒற்றுமையும் வியட்நாமுடனான பகையும் காரணம் என்பதும் உண்மை. இதை அப்படியே தாய்லாந்துக்குப் பொருத்த முடியாது. ஆயினும், மெக்கோங் ஆற்றின் இரு கரையிலும் ஏறக்குறைய ஒரே மொழியைப் பேசும் லாவோ மக்கள் வாழ்ந்த நிலையில், தாழ்நில லாவோ அகதிகளையாவது வடகிழக்குத் தாய்லாந்தில் குடியமர்த்தும் யோசனையை அக்கறையுடன் ஆராய்ந்திருக்கலாம்.

தாயகம் திரும்புதல் எல்லாவற்றிலும் சிறந்தது என்பது கோட்பாடு. அது எந்த நாட்டுக்கு, எந்த ஆண்டில், யாருடைய கண்காணிப்பில் என்பதைப் பொறுத்தே மதிப்பிட முடியும் என்பதை மூன்று நாடுகளின் அனுபவமும் காட்டுகிறது.

கம்போடியாவில் அதற்கு வழி திறந்தது 1991 அக்டோபர் 23 அன்று பாரிஸில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கை. 1992 மார்ச் இறுதியில் தொடங்கி, 1993 மே மாதத் தேர்தலுக்குள் 3,60,000க்கும் மேற்பட்டோர் தாய்லாந்து எல்லை முகாம்களிலிருந்து திரும்பினர். ஐ.நா. உயர் ஆணையர் அலுவலகத்தின் சார்பில் பொறுப்பேற்றிருந்த செர்ஜியோ வியேரா டி மெலோவும் அவருடைய அணியினரும் முதலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு ஹெக்டேர் நிலம் என்று அறிவித்திருந்தனர். கண்ணிவெடி இல்லாத, உரிமையாளர் இல்லாத நிலம் அவ்வளவு கிடைக்காது என்று தெரிந்ததும், பெரியவருக்கு 50 டாலரும் குழந்தைக்கு 25 டாலரும் ரொக்கமாகத் தரும் மாற்றுவழி சேர்க்கப்பட்டது. மிகப் பெரும்பாலோர் பணத்தையே எடுத்தனர். அதோடு 400 நாட்கள் வரைக்குமான உணவுப்பொருளும் தரப்பட்டது. எங்கே போவது என்பதைத் திரும்புவோரே தீர்மானித்ததால் இடப்பெயர்வு விரைந்தது. ஆனால் நிலமற்ற விதவைகளும் முகாமிலேயே வளர்ந்து உழவு அறியாத இளைஞர்களும் உணவுப் பங்கீடு முடிந்தபின் என்ன செய்வார்கள் என்ற கேள்விக்குத் திட்டத்தில் விடை இல்லை. போர் முடிந்தபின் நடந்த திரும்புதல் என்பதால் இது நியாயமானது. செழிப்பானது என்று சொல்ல முடியாது.

வியட்நாமின் நிலை வேறு. அங்கே போர் எப்போதோ முடிந்துவிட்டது, அரசு மாறவில்லை. 1989 ஜூன் 13, 14 ஆகிய நாட்களில் ஜெனீவாவில் இரண்டாவது மாநாடு கூடி விரிவான செயல்திட்டத்தை ஏற்றது. குறிப்பிட்ட தேதிக்குமுன் வந்தவர்கள் அனைவருக்கும் மீள்குடியேற்றம். அதன்பின் வந்தவர்கள் ஒவ்வொருவராக விசாரிக்கப்பட்டு, அகதி என்று தேறினால் மீள்குடியேற்றம், தேறாவிட்டால் வியட்நாம். அந்தத் தேதி பெரும்பாலான நாடுகளில் 1989 மார்ச் 14. ஹாங்காங்கில் 1988 ஜூன் 16. திரும்புவோர்மீது வழக்குத் தொடுப்பதில்லை என்று வியட்நாம் ஏற்கெனவே 1988 டிசம்பரில் ஒப்புக்கொண்டிருந்தது. திரும்பியவர்களை உயர் ஆணையர் அலுவலகத்தின் பணியாளர்கள் ஊர் ஊராகச் சென்று பார்த்தனர். ஆளுக்குச் சில நூறு டாலர் உதவித்தொகையும் கிடைத்தது. 1,09,000க்கும் மேற்பட்டோர் இவ்வாறு திரும்பினர். 1989இல் 70,000 பேர் படகேறிய இடத்தில், 1992இல் வந்தவர்கள் 41 பேர் மட்டுமே. எந்த அளவுகோலால் பார்த்தாலும் இது பெரிய வெற்றி.

அந்த வெற்றிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விசாரிக்கப்பட்டவர்களில் 28 விழுக்காட்டினரே அகதிகளாக ஏற்கப்பட்டனர். விசாரணையின் தரம் நாட்டுக்கு நாடு மாறியது. சில நாடுகளில் அதிகாரிகள் பணம் பெற்றுக்கொண்டு தீர்ப்பெழுதினர் என்ற குற்றச்சாட்டு வலுவாகவே எழுந்தது. ஹாங்காங் அரசு 1989 டிசம்பர் 12 அன்று 51 பேரை விடியுமுன் வலுக்கட்டாயமாக விமானத்தில் ஏற்றி ஹனோய்க்கு அனுப்பியது. மற்றவர்கள் வைட்ஹெட் போன்ற கம்பிவேலி முகாம்களில் ஆண்டுக்கணக்கில் அடைபட்டனர். 1992 பிப்ரவரியில் செக் காங் முகாமில் நடந்த மோதலிலும் தீயிலும் 24 பேர் இறந்தனர். செயல்திட்டம் 1996 ஜூன் 30 அன்று முடிந்தபோது, நாடு திரும்பிய பலரை வியட்நாமிலேயே நேர்காணல் செய்து ஏற்கும் தனித்திட்டம் ஒன்றை அமெரிக்கா தொடங்கியது. முகாம் விசாரணைகள்மீது முழு நம்பிக்கை இருந்திருந்தால் அதற்குத் தேவை இருந்திருக்காது.

லாவோஸில் திரும்புதல் மிகக் குறைவு. தப்பிச் சென்ற ஏறத்தாழ 3,60,000 பேரில் 3,20,000 பேர் மீள்குடியேற்றத்தையே பெற்றனர். வியட்நாம் போர்க் காலத்தில் லாவோஸில் அமெரிக்கா நடத்திய இரகசியப் போரில் அதன் தரப்பில் நின்று போரிட்ட மோங் மக்களுக்கு, திரும்புவது உயிருக்கு ஆபத்து என்ற அச்சம் ஆதாரமற்றதல்ல. 2009 டிசம்பரில் தாய்லாந்து 4,000க்கும் மேற்பட்ட மோங் மக்களை வலுக்கட்டாயமாகத் திருப்பியனுப்பியபோது, அவர்களில் அகதிகள் என்று ஏற்கெனவே ஏற்கப்பட்ட 158 பேரும் இருந்தனர். மேற்கு நாடுகள் அவர்களை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தன. கண்காணிப்பாளர்கள் சுதந்திரமாகச் சென்று பார்க்க முடியாத நாட்டுக்குத் திரும்புதலை இந்த ஒப்பீட்டில் விரட்டியடித்தலின் பக்கத்திலேயே நான் வைப்பேன்.

இனி முடிவுக்கு வரலாம். 1979இன் நிலைமையில் மீள்குடியேற்றத்தை முதன்மையாக்கியது சரி. வேறு எதுவும் அன்று கடலில் இருந்தவர்களைக் கரையேற்றியிருக்காது. 1989இல் அதே தாராளத்தைத் தொடர்ந்திருந்தால் புகலிட நாடுகள் கதவைச் சாத்தியிருக்கும்; மலேசியா அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் படகுகளைத் திருப்பியது அதற்கு அறிகுறி. ஆகவே விசாரணையும் திரும்புதலும் சேர்ந்த செயல்திட்டத்தையே நானும் தேர்ந்தெடுத்திருப்பேன், இரண்டு நிபந்தனைகளோடு. முதலாவது, சட்டப்படி வெளியேறும் வழியைத் திரும்புதலுக்கு முன்பே அகலமாகத் திறந்துவைப்பது. திரும்பிச் சென்றவருக்கு ஊரிலிருந்தே விண்ணப்பிக்கும் உரிமை இருக்குமானால், விசாரணையில் நேரும் பிழை திருத்த முடியாததாகாது. வியட்நாமுக்குத் திரும்புதல் பெருமளவில் தாங்கத்தக்கதாக இருந்ததற்கும் லாவோஸில் அப்படி இல்லாததற்கும் இடையே உள்ள முக்கிய வேறுபாடுகளில் இதுவும் ஒன்று.

இரண்டாவது, எஞ்சியவர்களுக்கு ஒரு காலவரம்பு. எந்தத் திட்டத்திலும் எவருக்கும் வேண்டாதவராகச் சிலர் மிஞ்சுவர். அவர்களை வியட்நாமும் ஏற்கவில்லை, மேற்கு நாடுகளும் ஏற்கவில்லை. பிலிப்பைன்ஸ் 1996இல் மனம் மாறி, எஞ்சிய வியட்நாமியர்களைப் பலவான் தீவில் தங்க அனுமதித்தது. ஆனால் நிரந்தர உரிமை தரவில்லை. அவர்களில் பெரும்பாலோர் 2005 முதல் அமெரிக்காவுக்குப் போனார்கள். ஹாங்காங் 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில், மிஞ்சியிருந்த ஏறத்தாழ 1,400 பேருக்கு அங்கேயே வாழும் உரிமை கொடுத்து, மே மாத இறுதியில் பில்லர் பாயின்ட் முகாமை மூடியது. அறுபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழும் நகரத்துக்கு 1,400 பேர் ஒரு பொருட்டே இல்லை. அனுமதி கொடுத்தபின் எந்தப் பெருங்கூட்டமும் படகேறி வரவில்லை. விசாரணை முடிந்து மூன்று ஆண்டுகளுக்குள் வேறு எந்த நாடும் ஏற்காதவருக்குப் புகலிட நாடே குடியுரிமை தரும் என்ற ஒரு வரியை 1989ஆம் ஆண்டுச் செயல்திட்டத்திலேயே எழுதி, அதற்கான செலவை மேற்கு நாடுகள் ஏற்றிருந்தால், ஆசியான் அரசுகள் தங்கள் மக்களிடம் அதை நியாயப்படுத்த முடிந்திருக்கும்.